பதினான்கு சட்டை போட்ட பிட்ச்சர்: பேஸ்பாலில் 'ஜர்னிமேன்' என்றால் யார்?

2011 ஜூலை 27 அன்று காலையில் எட்வின் ஜாக்சன் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் பிட்ச்சர், அதாவது பந்து எறிபவர். அன்றே அந்த அணி அவரை டொராண்டோ ப்ளூ ஜேஸுக்குக் கொடுத்தது. வாங்கிய சூட்டோடு ப்ளூ ஜேஸ் அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கைமாற்றிவிட்டது. ஒரே நாளில் மூன்று அணி, இரண்டு நாடு. டொராண்டோ சட்டையில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. மூன்று மாதம் கழித்து கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. ஜாக்சனுக்கும் சாம்பியன் மோதிரம் கிடைத்தது.

எட்டு வருடம் போனது. 2019 மே மாதத்தில் ஓக்லாண்ட் அணியிடம் ரொக்கம் கொடுத்து, அதே டொராண்டோ அவரை மறுபடி வாங்கியது. இந்த முறை சட்டையைப் போட்டுவிட்டார். மே 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் எறிந்த முதல் பந்தோடு, அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கின் வரலாற்றில் 14 அணிகளுக்கு ஆடிய முதல் மனிதர் ஆனார். எட்டு வருடத்துக்கு முன்னால் அரைநாள்கூட வைத்துக்கொள்ளாத அணிதான் அந்தப் பதினான்காவது.

இப்படி அணி அணியாகப் போய் ஆடுகிறவரை அமெரிக்காவில் 'ஜர்னிமேன்' என்கிறார்கள். பேஸ்பாலில் இந்தப் பெயர் அதிகமாக ஒட்டிக்கொள்வது பிட்ச்சர்களிடம். ஏன் அப்படி, ஒருவர் எப்படி ஜர்னிமேன் ஆகிறார், அந்தப் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று விளக்கப் பார்க்கிறேன். பேஸ்பால் பார்த்தே இராதவரும் படிக்கலாம். கிரிக்கெட் தெரிந்திருந்தால் போதும்.

முதலில் அந்தச் சொல்

'ஜர்னி' என்றால் பயணம், ஆகவே ஊர் சுற்றுகிறவர் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் இந்தச் சொல் வந்தது பிரெஞ்சு மொழியின் 'ஜூர்னே'யிலிருந்து. அதற்கு ஒரு நாள், ஒரு நாள் வேலை என்று பொருள். பழைய ஐரோப்பியக் கைத்தொழில் சங்கங்களில் மூன்று படிகள் இருந்தன. கீழே தொழில் பழகும் பையன். மேலே சொந்தப் பட்டறை வைத்திருக்கும் ஆசான். நடுவில், தொழிலைக் கற்று முடித்து நாள் கூலிக்கு வேலை செய்பவர். அவர்தான் ஜர்னிமேன். நம் ஊர்க் கட்டட வேலையில் சித்தாளுக்கும் மேஸ்திரிக்கும் நடுவே இருக்கும் கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனாருக்குச் சுவர் எழுப்பத் தெரியும். தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்க்கத் தெரியும். இந்த வேலை முடிந்தால் அடுத்த வேலை எங்கே என்பதுதான் அவர் கையில் இல்லை. விளையாட்டில் இந்தச் சொல்லைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'தொழில் தெரிந்தவர்' என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஐபிஎல்லிலும் இப்படி ஆட்கள் உண்டு. ஆரோன் ஃபின்ச் ஒன்பது ஐபிஎல் அணிகளுக்கு ஆடியிருக்கிறார். ஆனால் ஐபிஎல் இரண்டு மாதத் திருவிழா. மேஜர் லீக்கில் ஆறு மாதத்தில் 162 ஆட்டம், ஏறக்குறைய தினமும் ஒன்று. ஐபிஎல் ஏலத்தில் ஆட்டக்காரரே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். பேஸ்பாலில் பருவத்தின் நடுவே, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், உங்களைக் கேட்காமலே உங்களை வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் பழைய ஊரில் இருக்கும். நீங்கள் அடுத்த விமானத்தில் இருப்பீர்கள்.

பிட்ச்சரின் வேலை

பிட்ச்சர் ஒரு சிறிய மண் மேட்டில் நிற்கிறார். பேட்டர் நிற்கும் இடம் அங்கிருந்து 60 அடி 6 அங்குலம். பந்து தரையில் குத்தாது. ஓடிவந்து எறிவதும் கிடையாது. நின்ற இடத்திலிருந்தே காலைத் தூக்கி, உடம்பைச் சுழற்றி, முழங்கையை மடக்கி நீட்டி எறிய வேண்டும். நல்ல வேகப்பந்து மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். பந்து நான்கு முறை தப்பான இடத்துக்குப் போனால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு, அதாவது ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய இடங்களில் முதலாவதுக்கு, நடந்து போகலாம். அதற்குப் பெயர் 'வாக்'. பிட்ச்சருக்கு அதைவிட அவமானமான சொல் வேறு இல்லை.

ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் 'ஸ்டார்ட்டர்'. தொண்ணூறு, நூறு பந்து எறிந்ததும் அவர் இறங்கிவிடுவார், அப்புறம் நான்கைந்து நாள் ஓய்வு. அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் 'ரிலீவர்'கள். அவர்கள் காத்திருக்கும் இடம் 'புல்பென்'.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 162 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்றால் ஒரு பருவத்துக்கு 1,458 இன்னிங்ஸ். ஐந்து ஸ்டார்ட்டர்களும் காயமே படாமல் ஆளுக்கு 180 இன்னிங்ஸ் ஆடினால்கூட 900தான் ஆகும். மிச்சம் 558 இன்னிங்ஸை யாராவது எறிந்தே ஆக வேண்டும். காயமே படாத ஐந்து ஸ்டார்ட்டர்கள் என்பதோ அபூர்வம்.

முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சிறிய தசைநார் இருக்கிறது. ஒவ்வொரு பந்தும் அதை இழுக்கிறது, ஒரு நாள் அது கிழிந்துபோகிறது. 1974 வரைக்கும் அதோடு தொழில் முடிந்தது. அந்த வருடம் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்ச்சரின் உடம்பில் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். இன்றும் அந்த அறுவைச் சிகிச்சைக்கு 'டாமி ஜான்' என்றுதான் பெயர். செய்துகொண்டவர் ஒரு வருடத்துக்குக் குறையாமல் வெளியே இருக்க வேண்டும். அதுவரை அவர் இடத்தில் எறிய ஒரு கை வேண்டும்.

ஜர்னிமேனுக்கு வேலை பிறப்பது இங்கேதான். கைகள் எப்போதும் போதவில்லை.

ஜர்னிமேன் உருவாகும் இடம்

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொரு அணியிலும் களத்துக்கான பட்டியலில் 26 பேர், அதில் அதிகபட்சம் 13 பிட்ச்சர்கள். அந்த 26 பேரையும் சேர்த்து இன்னொரு பெரிய பட்டியல், மொத்தம் 40 பேர். மேஜர் லீக்குக்குக் கீழே மைனர் லீக் என்ற ஏணி. சிங்கிள்-ஏ, டபிள்-ஏ, அப்புறம் மேல்படியான ட்ரிபிள்-ஏ.

நாற்பது பேர் பட்டியலில் இருக்கும் ஓர் இளைஞரை மூன்று பருவங்களுக்கு அணி தன் இஷ்டப்படி மைனர் லீக்குக்கு இறக்கலாம், ஏற்றலாம். இதற்கு 'ஆப்ஷன்' என்று பெயர். மூன்று பருவம் முடிந்தால் அவர் 'அவுட் ஆஃப் ஆப்ஷன்ஸ்'. ஜர்னிமேன் என்ற பிறவி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று சொல்வேன். ஏனென்றால் இதற்குப் பிறகு அவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் முதலில் மற்ற 29 அணிகளுக்கும் காட்ட வேண்டும். "எங்களுக்கு இவர் வேண்டாம், உங்களில் யாருக்காவது வேண்டுமா?" என்று கேட்பது போல. யாரும் கை தூக்காவிட்டால்தான் அவர் கீழே போகலாம்.

ஒரு சாதாரண வாரத்தைப் பார்ப்போம். செவ்வாய் இரவு ஆட்டம் இழுத்துக்கொண்டே போய் பதின்மூன்று இன்னிங்ஸ் நீள்கிறது. புல்பென்னில் இருந்த எல்லோரும் எறிந்தாயிற்று. கடைசியாக வந்தவர், ஆப்ஷன் தீர்ந்த ஒரு முப்பது வயதுக்காரர், நான்கு இன்னிங்ஸைத் தனி ஆளாகத் தாங்கி அணியைக் கரையேற்றுகிறார். அடுத்த நான்கு நாளைக்கு அவரால் எறிய முடியாது. புதன்கிழமைக்கோ புதிதாக ஒரு கை வேண்டும். அவருக்கு இடம் விட யாரை வெளியே அனுப்புவது? ஆப்ஷன் இருக்கும் இளைஞரைக் கீழே அனுப்பினால் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்த இளைஞர்தான் இன்று எறியும் நிலையில் இருக்கிறார். ஆக, நேற்று அணியைக் காப்பாற்றியவரே போக வேண்டியவர்.

மேனேஜர் (நம் கிரிக்கெட் கோச் மாதிரி) அறைக்குக் கூப்பிடுவார்கள். டி.எஃப்.ஏ. என்ற மூன்றெழுத்தைச் சொல்வார்கள். 'டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்' என்பதன் சுருக்கம். 40 பேர் பட்டியலிலிருந்து உடனே பெயர் போய்விடும். அடுத்த ஏழு நாளுக்குள் அணி அவரை வேறு அணிக்கு மாற்றலாம், மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள விடலாம், அல்லது மொத்தமாக விடுவிக்கலாம். அந்த ஏழு நாளும் அவர் எந்த ஊர்க்காரர் என்று அவருக்கே தெரியாது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நன்றாக எறிந்தும் வேலை போகும் தொழில் இது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதுதான் சட்டென்று பிடிபடாது.

நட்சத்திரங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. மேஜர் லீக்கில் பத்து வருடம், அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் என்று ஆடிய ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. 'பத்து-ஐந்து உரிமை' என்பார்கள், கர்ட் ஃப்ளட் விதி என்றும் சொல்வார்கள். ஃப்ளட் செயின்ட் லூயிஸில் பன்னிரண்டு பருவம் ஆடியவர். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். அவர் போக மறுத்தார். வாங்கவும் விற்கவும் தான் ஒரு பொருள் அல்ல என்று லீக் ஆணையருக்கு எழுதினார். உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு கிட்டத்தட்ட முடிந்துபோனது. ஆனால் அவர் தட்டிய கதவு 1975 டிசம்பரில், வேறு இரண்டு பிட்ச்சர்களின் வழக்கில், திறந்தது. ஆறு வருடம் ஆடிய ஆட்டக்காரர் தன் விருப்பப்படி அணி தேடலாம் என்ற இன்றைய ஏற்பாடு அதிலிருந்து வளர்ந்தது.

எட்வின் ஜாக்சன் பத்து வருடத்துக்கு மேல் ஆடினார். ஐந்து வருடம் ஒரே அணியில் இருக்க அவருக்கு வாய்க்கவே இல்லை. பத்து-ஐந்தில் பத்து இருந்தது, ஐந்து இல்லை.

ஜாக்சனின் வழி

ஜாக்சன் 1983இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் நோய்-உல்ம் நகரில் பிறந்தார். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். 2001இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அவரை ஆறாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. 2003 செப்டம்பர் 9, அவருடைய இருபதாவது பிறந்தநாள். அன்றைக்கு முதல் முறையாக மேஜர் லீக் மேட்டில் ஏறினார். எதிரே அரிசோனா, எதிர் பிட்ச்சர் அந்தக் காலத்தின் பயங்கரமான ராண்டி ஜான்சன். இருபது வயதுப் பையன் ஜெயித்தான்.

இப்படித் தொடங்கியவர் ஒரே அணியில் பதினைந்து வருடம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவரிடம் வேகம் இருந்தது, கூர்மையான ஸ்லைடர் (கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகும் பந்து) இருந்தது. பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது என்பதுதான் சிக்கல். நல்ல நாளில் யாராலும் தொட முடியாது, கெட்ட நாளில் வாக் மேல் வாக். அவர் கையைப் பார்த்த ஒவ்வொரு அணியும் 'நம்மிடம் வந்தால் சரியாகிவிடுவார்' என்று நினைத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2006இல் டாம்பா பே, 2008 கடைசியில் டெட்ராய்ட், 2009 கடைசியில் அரிசோனா, 2010 ஜூலையில் ஒயிட் சாக்ஸ், 2011இல் நாம் பார்த்த அந்த ஒரே நாள் விவகாரம். 2011 முடிவதற்குள் ஆறு முறை கைமாறியிருந்தார். அதில் 2009 மாற்றம் மூன்று அணிகள் சேர்ந்து செய்தது. அதே பேரத்தில் அரிசோனாவிலிருந்து டெட்ராய்ட் போன ஓர் இளம் பிட்ச்சரின் பெயர் மேக்ஸ் ஷெர்சர். பிற்பாடு மூன்று முறை, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கியவர்.

அவருடைய மொத்த வாழ்க்கையும் ஓர் இரவில் தெரியும் என்றால் அது 2010 ஜூன் 25. அரிசோனா சட்டையில், தன் பழைய அணியான டாம்பா பேயை அவர்கள் மைதானத்திலேயே சந்தித்தார். முதல் மூன்று இன்னிங்ஸில் ஏழு பேருக்கு வாக் கொடுத்தார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்கூட இல்லாமல் மூன்று பேஸிலும் ஆள். சாதாரணமாக அங்கேயே பிட்ச்சரை மாற்றிவிடுவார்கள். ஆனால் யாரும் அவரை அடிக்கவில்லை, ஒரு ரன்னும் வரவில்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸும் அப்படியே போயின. பந்து எண்ணிக்கை நூறைத் தாண்டியது, நூற்று இருபதையும் தாண்டியது. ஒரு ஹிட்கூட, அதாவது பேட்டர் அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டும் ஒரு அடிகூட, விழாதபோது மேட்டிலிருந்து இறக்க மேனேஜருக்கு மனம் வருமா? கடைசி அவுட் விழுந்தபோது ஜாக்சன் எறிந்திருந்தது 149 பந்து. எட்டு வாக், ஹிட் ஒன்றுகூட இல்லை, 1-0 வெற்றி.

ஒன்பது இன்னிங்ஸும் ஹிட் கொடுக்காமல் முடிப்பது 'நோ-ஹிட்டர்'. பெரும்பாலான பிட்ச்சர்கள் வாழ்நாளில் ஒன்றுகூட எறிவதில்லை. எறிந்தவரை ஊரே கொண்டாடும். ஜாக்சனையும் கொண்டாடினார்கள். சரியாக 35 நாள் கழித்து அரிசோனா அவரை சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டது.

அணிகள் அவரை விரும்பியதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது நோ-ஹிட்டர் போலச் செய்தித்தாளில் வராது. 2007 முதல் 2013 வரை ஏழு பருவங்கள் தொடர்ந்து, ஒவ்வொன்றிலும் 31 ஆட்டங்களுக்குக் குறையாமல் தொடங்கினார். கை கெட்டியாக இருந்தது. முன்பு போட்ட இன்னிங்ஸ் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்து ஆறு இன்னிங்ஸை வாங்கிக்கொள்பவர் இருந்தால் மற்ற பிட்ச்சர்கள் மூச்சுவிடலாம். இவர்களை 'இன்னிங்ஸ் ஈட்டர்' என்பார்கள். இன்னிங்ஸைத் தின்று தீர்ப்பவர்.

அதை நம்பித்தான் சிகாகோ கப்ஸ் 2013இல் அவருக்கு நான்கு வருடத்துக்கு 52 மில்லியன் டாலர் கொடுத்தது. வேர்விட அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. பலிக்கவில்லை. முதல் வருடம் 8 வெற்றி, 18 தோல்வி. அடுத்த வருடம் இன்னும் மோசம். மூன்றாம் வருடம் புல்பென்னுக்குத் தள்ளினார்கள், 2015 ஜூலையில் விடுவித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். விடுவித்தாலும் ஒப்பந்தப் பணத்தைப் பழைய அணி கொடுத்தே ஆக வேண்டும். அவரைப் புதிதாக எடுக்கும் அணி லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் கொடுத்தால் போதும். அதாவது ஒரு மேஜர் லீக் பிட்ச்சர் கிட்டத்தட்ட இனாமாகக் கிடைக்கிறார். அட்லாண்டா எடுத்தது. அப்புறம் மயாமி, சான் டியேகோ, பால்டிமோர், 2012இல் ஆடியிருந்த வாஷிங்டன் மறுபடி. 2018 ஜூன் 25 அன்று, நோ-ஹிட்டர் எறிந்த அதே தேதியில், ஓக்லாண்ட் சட்டையில் இறங்கி ஆக்டேவியோ டோட்டெல் வைத்திருந்த 13 அணி சாதனையைத் தொட்டார். ஓக்லாண்டுக்கு அந்த வருடம் காயம் மேல் காயம். ஜாக்சன் 17 ஆட்டங்களைத் தொடங்கி ஆறில் வென்று மூன்றில் தோற்றார். அவருடைய ஈ.ஆர்.ஏ., அதாவது சக ஆட்டக்காரர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன், வெறும் 3.33. 97 ஆட்டம் வென்று அந்த அணி பிளேஆஃபுக்குப் போனது. 34 வயதில், எல்லோரும் முடிந்துவிட்டார் என்று சொன்ன பிறகு.

அடுத்த வருடம் டொராண்டோவிலும், மறுபடி டெட்ராய்டிலும் அடி வாங்கினார். ஈ.ஆர்.ஏ. ஒன்பதைத் தாண்டிவிட்டது. அதுதான் கடைசி மேஜர் லீக் பருவம். ஆனால் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடி வெள்ளி வாங்கிவிட்டுத்தான் ஓய்வை அறிவித்தார். மொத்தம் 107 வெற்றி, 133 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 4.78. லீக் சராசரியைவிடக் கொஞ்சம் மோசம். அந்த எண்களை வைத்து அவரை எடைபோட என்னால் முடியவில்லை. பதினேழு பருவங்களில் 412 ஆட்டம் எறிந்தவர் அவர். தன் இடத்தில் எறிய அவரைவிட நல்ல ஆள் கிடைக்காததால்தான் அத்தனை அணிகளும் அவரைக் கூப்பிட்டன.

காசும் நாளும்

நட்சத்திரத்துக்கு வருடம் கணக்கு. ஜர்னிமேனுக்கு நாள்தான் கணக்கு. சொல்லின் வேர் அங்கே திரும்பி வருகிறது. மேஜர் லீக்கில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். 172 நாள் சேர்ந்தால் ஒரு 'சர்வீஸ்' வருடம். ஒரே ஒரு நாள் இருந்தாலும் மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி வந்துவிடும். 43 நாள் சேர்ந்தால் ஓய்வூதியத்துக்குக் கணக்கு தொடங்கும். பத்து வருடம் சேர்ந்தால் முழு ஓய்வூதியம். 41ஆவது நாளில் கீழே அனுப்பப்படுகிறவரின் வீட்டில் அன்றிரவு என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. 2025இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச வருடச் சம்பளம் 7,60,000 டாலர். 2023இல் போட்ட ஒப்பந்தப்படி ட்ரிபிள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்சம் 35,800 டாலர். மேலே சில நாள் மட்டும் இருந்துவிட்டு வருவதை பேஸ்பால்காரர்கள் 'ஒரு கப் காபி' என்பார்கள், ஒரு காபி குடிக்கிற நேரம்தான் அங்கே இருந்தார் என்ற கணக்கில்.

ரிச் ஹில், இன்னொரு வழி

எல்லா ஜர்னிமேனும் ஜாக்சன் மாதிரி கெட்டியான கை உள்ளவர் அல்ல. ரிச் ஹில் இடதுகை பிட்ச்சர். பாஸ்டன்காரர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2002இல் சிகாகோ கப்ஸ் எடுத்தது, 2005இல் மேஜர் லீக்குக்கு வந்தார். அவருடைய ஆயுதம் கர்வ்பால், மேலிருந்து விழுந்து வளையும் பந்து. 2007இல் நன்றாக ஆடினார். அப்புறம் தோள் கெட்டது, பந்து எங்கே போகும் என்ற கட்டுப்பாடு போனது. பக்கவாட்டில் கையை வீசி எறிந்து பார்த்தார். 2011இல் முழங்கை கிழிந்து டாமி ஜான் செய்துகொண்டார். 2014இல் ஏஞ்சல்ஸ் அணிக்காக இரண்டு ஆட்டத்தில் இறங்கி ஒரு அவுட்கூட எடுக்க முடியவில்லை. அணிப் பட்டியலில் அதுவும் ஓர் அணி.

2015 கோடையில் அவருக்கு வயது 35, அணி இல்லை. மேஜர் லீக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தனி லீக்கில், நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற அணியில் சேர்ந்தார். மறுபடி ஸ்டார்ட்டராக, மறுபடி மேலிருந்து எறிந்து. இரண்டே ஆட்டம், 11 இன்னிங்ஸ், 21 ஸ்ட்ரைக்-அவுட் (ஃபீல்டர் உதவியின்றிப் பந்தாலேயே பேட்டரை வெளியேற்றுவது). பாஸ்டன் ரெட் சாக்ஸ் மைனர் லீக்குக்குக் கூப்பிட்டுக்கொண்டது. அங்கே பிரையன் பேனிஸ்டர் என்ற முன்னாள் பிட்ச்சர் ஆய்வாளராக இருந்தார். கர்வ்பாலை இன்னும் நிறைய எறி, வேகத்தையும் வளைவையும் மாற்றி மாற்றி எறி என்று அவர் சொன்னார். பிட்ச்சர்களுக்கு அதுவரை சொல்லிக்கொடுத்தது நேர்மாறானது. வேகப்பந்துதான் சோறு, கர்வ்பால் ஊறுகாய் மாதிரி. ஹில் ஊறுகாயைச் சோறாக்கினார். ஏறக்குறைய பாதிப் பந்து கர்வ்பால்.

செப்டம்பரில் ரெட் சாக்ஸுக்காக நான்கு ஆட்டம் தொடங்கினார். ஈ.ஆர்.ஏ. 1.55. ஓக்லாண்ட் ஒரு வருடத்துக்கு 6 மில்லியன் கொடுத்தது. 2016 ஆகஸ்டில் டாட்ஜர்ஸுக்குப் போனார், அந்த டிசம்பரில் மூன்று வருடத்துக்கு 48 மில்லியன். லாங் ஐலண்டில் நின்றதிலிருந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

2017 ஆகஸ்ட் 23 அன்று பிட்ஸ்பர்க்கில் எட்டு இன்னிங்ஸ் வரை ஒருவரைக்கூட பேஸில் ஏறவிடவில்லை. ஒன்பதாவதில் சக ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தவறவிட, அந்தப் பூரண ஆட்டம் போனது. நோ-ஹிட்டர் மிச்சம் இருந்தது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் ஹிட் இல்லை. ஆனால் டாட்ஜர்ஸும் ஒரு ரன் எடுக்கவில்லை. பத்தாவது இன்னிங்ஸிலும் ஹில்தான் வந்தார். முதல் பேட்டர் ஜாஷ் ஹாரிசன் அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டியது. அன்று அவர் கொடுத்த ஒரே ஹிட்டில் ஆட்டமே முடிந்துவிட்டது, 1-0 தோல்வி. நோ-ஹிட்டர் கணக்கிலும் சேரவில்லை. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதற்குப் பிறகும் ஹில் மின்னசோட்டா, டாம்பா பே, நியூயார்க் மெட்ஸ், பாஸ்டன், பிட்ஸ்பர்க், சான் டியேகோ என்று போய்க்கொண்டே இருந்தார். வேகப்பந்து மணிக்கு 140 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. கர்வ்பால் மட்டும் வளைந்துகொண்டே இருந்தது.

2025இல் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அவரை மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது. ஜூலை 22 அன்று மேலே கூப்பிட்டது. 45 வயதில், பதினான்காவது அணி. ஜாக்சனின் சாதனை சமமானது. அன்றைய ஆட்டம் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில், எதிரணி அவரை முதன்முதலில் எடுத்த அதே கப்ஸ். கப்ஸின் அந்த வருட நட்சத்திரம் பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங் பிறந்தது 2002இல், ஹில்லை கப்ஸ் தேர்ந்தெடுத்த அதே வருடம்.

ஹில் ஐந்து இன்னிங்ஸ் எறிந்தார். மூன்று ரன் வந்தது, அதில் ஒன்றுதான் அவர் கணக்கில். ராயல்ஸ் 6-0 என்று தோற்றது. அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் கொடுத்தார்கள், அதில் ஆறு வாக். அப்புறம் மேனேஜர் அறை, அந்த மூன்றெழுத்து.